கென்னலா, ட்ரெய்னிங்கா: வழிகாட்டி நாய்ப் பள்ளியில் எந்த இன்டர்ன்ஷிப்?

பார்வையற்றவர்களுக்கான வழிகாட்டி நாய்களுக்குப் பயிற்சி தரும் பள்ளியில் இன்டர்னாகச் சேர நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் குறிவைக்கிறார்கள்: ட்ரெய்னிங் பிரிவு. கென்னல், அதாவது நாய்கள் தங்கும் கூண்டுப் பிரிவு, என்றால் கழுவித் துடைக்கிற வேலை, அதற்கா இவ்வளவு மெனக்கெடுவது என்று ஒரு முகச்சுளிப்பு. என் கட்சி நேரெதிர். கையில் மூன்று நான்கு மாதம்தான் இருக்கிறது, நாய்களோடு இதுவரை பெரிதாக வேலை செய்ததில்லை என்றால், கென்னலைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, முதலில் ட்ரெய்னிங்கையே எடுத்துக்கொள்வோம். பெயரைப் பார்த்து, நாய்க்கு நாம்தான் பயிற்சி கொடுக்கப்போகிறோம் என்று போனால் ஏமாற்றம்தான். குட்டி எட்டு வார வயது வாக்கில் ஒரு தன்னார்வலர் வீட்டுக்கு வளரப் போகிறது, ஒன்றேகால் ஒன்றரை வயதில் பள்ளிக்குத் திரும்புகிறது, அப்புறம்தான் சில மாதங்களுக்கு முறையான பயிற்சி. அதைத் தரும் ஆள் முழு இன்ஸ்ட்ரக்டர் ஆவதற்கே இரண்டு மூன்று ஆண்டு அப்ரென்டிஸாக இருக்க வேண்டும் என்பது பல பள்ளிகளின் நடைமுறை. நாளைக்கு ஒருவரை நம்பிக்கையோடு தெருவில் கூட்டிப்போக வேண்டிய நாயின் ஹார்னஸை (உடம்பில் மாட்டும், கைப்பிடி வைத்த பட்டை) நேற்று வந்த இன்டர்னிடம் யார் கொடுப்பார்கள்? வேனில் நாய்களை ஏற்றி இறக்குவது, நடைபாதையில் தடைகளை வைப்பது, குறிப்பெழுதுவது, நாயின் கவனத்தைக் கலைக்க எதிரே தின்பண்டத்தோடு நிற்பது, இவைதான் கிடைக்கும்.

ஆனால் அங்கே நின்று பார்ப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு, அதை மறுக்க மாட்டேன். சிக்னல் விளக்கைப் பார்த்து நாய்தான் ஆளைக் கூட்டிப்போகிறது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. வண்டிகளின் சத்தத்தைக் கேட்டு எப்போது கடப்பது என்று முடிவெடுப்பது மனிதர். அவர் 'ஃபார்வர்ட்' என்று சொன்ன பிறகும் கார் ஒன்று வருகிறது என்றால் நாய் நகரக்கூடாது, சொல்பேச்சு கேட்கக்கூடாது. மற்ற எல்லா நாய்களுக்கும் கீழ்ப்படியச் சொல்லித்தருகிறார்கள், இங்கே கீழ்ப்படியாமல் இருக்கவும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. பள்ளி ஆள் ஒருவர் காரை மெதுவாகக் குறுக்கே ஓட்டிவர, நாய் நிற்கிறதா, பின்வாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழக்குவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். தலை உயரத்தில் கட்டிய குறுக்குக் கம்பு அதைவிடச் சுவாரசியம்: நாய்க்கு அது ஒரு தடையே இல்லை, குனியாமலே கீழே போய்விடும், தன் வலப்பக்கம் வருகிற ஆளின் நெற்றியும் தன் பொறுப்புதான் என்று அதற்குப் புரியவைக்க வேண்டும்.

ஜூனோ நடை என்று இன்னொன்று. நாயே கிடையாது. ட்ரெய்னர் ஹார்னஸைத் தன் கையில் பிடித்துக்கொண்டு நாய் மாதிரி முன்னால் இழுத்து நடப்பார், நாய் கேட்டு விண்ணப்பித்தவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னால் வருவார். அவருக்கு எவ்வளவு வேகம் சரிப்படும், எவ்வளவு இழுவை தாங்கும் என்பதை வைத்துத்தான் எந்த நாய் பொருந்தும் என்று யோசிக்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நீயும் ஒரு சுற்று வா என்று இன்டர்னைக் கூப்பிட்டால் தட்டாமல் போங்கள். திருப்பங்களில் இடது கையில் இருக்கும் அந்தக் கைப்பிடி சாய்வதும் நிற்பதும்தான் உங்களுக்கு எல்லாமே.

இப்போது கென்னல். காலையில் கழுவல், கிருமிநாசினி, மலம் அள்ளல், அளந்து வைக்கும் தீனி, காது, நகம், ரோமம். சத்தம் காதைப் பிளக்கும், பல இடங்களில் காதுக்கு மாட்டிக்கொள்ளக் கருவியே தருவார்கள். முதுகு வலிக்காரர்களுக்கும் நாய் ரோமம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது வேண்டாம், பேச்சே இல்லை.

மற்றவர்களுக்கு? ட்ரெய்னர் ஒரு நாயோடு வேலை செய்வது நாளில் கொஞ்ச நேரம். மீதி நேரமெல்லாம் அது கென்னல் ஆட்கள் கண்ணில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் ஆளோடு ஆளாக வளர்ந்த லேப்ரடார் திடீரென்று வரிசைக் கூண்டுக்கு வந்தால் எப்படி இருக்கும்? ஒன்று கிண்ணத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், இன்னொன்று ஒரே வட்டமாகச் சுற்றும், மலம் இளகும், கொட்டாவியும் உதட்டை நக்குவதுமாக இருக்கும் (தூக்கமும் பசியும் என்று புதியவர்கள் நினைப்பார்கள், பதற்றத்தின் அடையாளமாக இருக்க வாய்ப்பு அதிகம்). லேப்ரடார் சாப்பாட்டை வேண்டாம் என்றால் கென்னலே பரபரப்பாகிவிடும், அது வேறு விஷயம்! இதையெல்லாம் முதலில் கவனித்துச் சொல்லும் ஆள் நீங்களாக இருப்பீர்கள். நாயைப் படிக்கிற கண் இங்கேதான் வரும். அந்தக் கண் இல்லாமல் ட்ரெய்னிங் பிரிவில் போய் நின்றால் பாதி நடப்பது தெரியவே தெரியாது.

இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. அப்ரென்டிஸ் இடங்கள் எப்போதாவதுதான் திறக்கும். கென்னல் வேலைக்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும், அங்கே முகம் தெரிந்தவர்கள் உள்ளிருந்தே மேலே போவதும் வழக்கம்.

குட்டிகள் பிரிவு கிடைத்தால் ஜாலிதான், படமெடுத்துப் போட நன்றாயிருக்கும். இனப்பெருக்கத்திலோ கால்நடை மருத்துவத்திலோ ஆர்வம் இருந்தால் போங்கள்.

ஏற்கெனவே நாய்ப் பயிற்சியில் கை பழகியவரா, அல்லது பார்வையற்றவர்களுக்கு நடமாட்டப் பயிற்சி தரும் படிப்பில் இருப்பவரா, உங்களுக்கு நான் சொன்னது பொருந்தாது. ட்ரெய்னிங்தான் உங்கள் இடம். ஏனென்றால் இந்தத் தொழிலின் கடைசிக் கட்டம் நாயைப் பற்றியதே இல்லை, நாயையும் மனிதரையும் சேர்த்து வைத்து நடத்தும் வகுப்பு. 1928-இல் மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர் அமெரிக்காவிலிருந்து சுவிட்சர்லாந்து போய், அங்கே நாய்களுக்குப் பயிற்சி தந்துவந்த டொரத்தி யூஸ்டிஸின் இடத்தில் பட்டி என்ற ஜெர்மன் ஷெப்பர்டுடன் பழகியதும், அடுத்த ஆண்டு அவர்கள் தொடங்கிய 'த சீயிங் ஐ' பள்ளியும் இதே அடிப்படையில்தான். நாயைப் பிடிக்கும், மனிதர்களோடு பேசுவதுதான் அலுப்பு என்பவர்கள் இன்ஸ்ட்ரக்டர் ஆசையைக் கொஞ்சம் ஆறப்போடுவது நல்லது.

பள்ளியின் அளவையும் பாருங்கள். பெரிய பள்ளியில் பிரிவுக்குப் பிரிவு சுவர்: கென்னலில் சேர்ந்தால் கென்னல்தான். சின்னப் பள்ளியில் காலையில் கூண்டு கழுவியவரே மதியம் வேனில் ஏறுவார். 1989-இல் உருவான சர்வதேச வழிகாட்டி நாய்க் கூட்டமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை, தங்குமிடம், ஓட்டுநர் உரிமம் தேவையா என்பதையெல்லாம் முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள், பல இடங்களில் சம்பளம் கிடையாது.

நேர்காணலில் ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: கென்னல் இன்டர்ன்கள் வாரத்தில் ஒருநாளாவது ட்ரெய்னரோடு வெளியே போகலாமா, கடைசி வகுப்பைப் பார்க்கலாமா? உண்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். மழுப்பினால் அடுத்த பள்ளிக்கு எழுதுங்கள்.