ஹட்டன் பனியில் எச்.பி.5

இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ். கறுப்பு வெள்ளை பிலிம், 35 மி.மீ., ரோலுக்கு 36 படம், வெளிச்சத்தை உணரும் வேகம் ஐ.எஸ்.ஓ. 400. இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் மட்டும் ஒன்பது ரோல் முடித்துவிட்டேன். விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், அதை விடுவோம்.

முதலில் பனி. காலை ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டில் எதிரே நிற்கும் பஸ்ஸின் போர்டே தெரியாது. என் பென்டாக்ஸ் கே1000 கமராவின் வெளிச்ச மீட்டர் அந்த வெள்ளையைப் பார்த்து ஏமாந்துபோகும். அதை நம்பி எடுத்த முதல் ரோலில் பனியெல்லாம் அடுப்புச் சாம்பல். இப்போது மீட்டர் காட்டுவதைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டித்தான் எடுக்கிறேன். வெளிச்சம் கூடினால் கோபிக்காத பிலிம் இது. குறைந்தால்தான் நிழலில் ஒன்றும் மிஞ்சாது.

ரொட்டிக் கடைக்குள் ஒரே ஒரு பல்பு, கல்லிலிருந்து புகை. வெளிச்சம் போதாததால் முழு ரோலையும் ஐ.எஸ்.ஓ. 1600 என்று வைத்து எடுத்து, பிலிம் கழுவும் ஐடி-11 மருந்தில் ஏழரை நிமிடத்துக்குப் பதில் 14 நிமிடம் போட்டேன். மணல் மணலாக வந்தது. மாவு வீசுகிற கைக்கு அது பொருந்துகிறது. ஆனால் அந்த அண்ணனின் முகத்தில் பாதி கறுப்பாக அடைத்துப்போனது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

கழுவக் கொடுக்குமுன் எந்த மருந்து என்று கேளுங்கள். ஒரு கடையில் என் ரோலைக் கலர் பிலிமுக்கான சி-41இல் போட்டுவிட்டார்கள். அது வெள்ளியை மொத்தமாக எடுத்துவிடும். தீபாவளிக்கு முந்தின நாள் கடைத்தெரு, 36 படமும், கண்ணாடி மாதிரி வெறுமையாகத் திரும்பி வந்தது. அதற்கப்புறம் வீட்டில்தான் கழுவுகிறேன். மருந்து 20 பாகை செல்சியஸில் இருக்கவேண்டும். கொழும்புக்காரர்கள் ஐஸ் போட்டு அதற்கு இறக்குவார்கள். இந்தக் குளிரில் நான் கேத்தலில் தண்ணீர் சுடவைத்து ஏற்றுகிறேன்.

மார்க்கட்டில் காய்கறி விற்கும் அம்மா, எடுத்த உடனே "காட்டு தம்பி" என்று கமராவைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் திரை ஏது? மூன்று வாரம் கழித்துப் பிரின்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நான் நல்லாத்தான் இருக்கேன். பச்சைக் கொச்சிக்கா எது, பழுத்தது எது?"

நியாயமான கேள்வி. பச்சை மிளகாயும் பழுத்த மிளகாயும் படத்தில் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் சிவப்பு வெளிறித் தனியாகத் தெரியும். ஆனால் அது இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும், மார்க்கட் கூரைக்குக் கீழே கட்டாது என்று சொன்னேன். "அப்ப கூடையை வெளியில தூக்கி வைக்கிறேன், ஞாயித்துக்கிழமை வா" என்றார்.