சாஃப்ட்கோரில் புரோகிராம் ஏற்றுவது: பிளாக் ராமா, யுஏஆர்டியா, ஜேடேகா, ஃபிளாஷா?

எஃப்பிஜிஏ என்பது உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே வடிவமைத்து மாற்றக்கூடிய சிப். அந்தச் சிப் உள்ள போர்டில் ஏற வேண்டியவை இரண்டு. பிட்ஸ்ட்ரீம், அதாவது அந்த வடிவமைப்பின் கோப்பு, ஏறினால் சர்க்யூட் உருவாகும். அந்தச் சர்க்யூட்டுக்குள் பைக்கோஆர்வி32, வெக்ஸ்ரிஸ்க்வி மாதிரி ஒரு பிராசஸர் (இதைத்தான் சாஃப்ட்கோர் என்கிறோம்) இருந்தால், அதில் ஓடவேண்டிய சி புரோகிராமையும் எப்படியாவது உள்ளே கொண்டுபோக வேண்டும். அதை எந்த வழியில் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே அன்றாட வேலையின் வேகம் அமையும்.

சர்க்யூட்டை எழுதும் மொழியான வெரிலாக்கில் ரீட்மெம்ஹெச் வரி ஒன்றைப் போட்டு, புரோகிராமின் ஹெக்ஸ் கோப்பை பிளாக் ராமின் (எஃப்பிஜிஏவுக்குள்ளேயே இருக்கும் நினைவகம்) தொடக்க மதிப்பாக வைப்பதுதான் எளிய வழி. ரீசெட் விலகியதும் புரோகிராம் ஓடும். எல்இடி மினுக்க இது போதும். ஆனால் சி கோடில் ஓர் எழுத்து மாறினாலும் சிந்தசிஸ் (வெரிலாக்கை லாஜிக்காக மாற்றுவது), பிளேஸ் அண்ட் ரூட் (அதைச் சிப்பில் இடம் பிடித்து இணைப்பது) எல்லாம் மறுபடி ஓடும். பெரிய டிசைனில் அது மணிக்கணக்கில் போகலாம். ஐஸ்40 வகை எஃப்பிஜிஏக்களுக்கு ஐஸ்பிராம், விவாடோ மென்பொருளில் அப்டேட்மெம் என்ற கருவிகள் முடிந்த டிசைனில் ராமின் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றித் தரும். இந்த வழியில் போகிறவர்கள் முதலில் இவற்றைப் பழகிக்கொள்ள வேண்டும். ஒரு வரம்பும் உண்டு: ஐஸ்40 யுபி5கே சிப்பில் உள்ள 128 கேபி எஸ்பிராமுக்கு (பிளாக் ராமிலிருந்து தனியான பெரிய ராம்) பிட்ஸ்ட்ரீம் வழியாகத் தொடக்க மதிப்பு கொடுக்கவே முடியாது.

என் தேர்வு யுஏஆர்டி பூட்லோடர்: கணினியிலிருந்து சீரியல் இணைப்பு (யுஏஆர்டி) வழியாக வரும் புரோகிராமை வாங்கி ராமில் வைத்து ஓடவிடும் சிறு புரோகிராம். சின்ன பூட்லோடர் ஒன்றை மட்டும் பிளாக் ராமில் நிரந்தரமாக வைத்துவிட்டால், அதன்பின் சிந்தசிஸ் பக்கமே போக வேண்டாம். 115200 பாட் வேகத்தில் ஒரு பைட்டுக்கு (தொடக்க, முடிவு பிட்டுகளும் சேர்த்து) பத்து பிட் போகும், ஆக நொடிக்கு 11,520 பைட். 64 கேபி புரோகிராம் ஆறு நொடிக்குள் ஏறிவிடும். எழுதும்போது மூன்று விஷயங்களில் கவனம் தேவை. ஒவ்வொரு தொகுதிக்கும் சிஆர்சி சரிபார்ப்பு (தரவு பிழையின்றி வந்ததா என்று பார்க்கும் கணக்கு) வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு பைட் தொலைந்ததற்கு கம்பைலரைச் சந்தேகித்துக்கொண்டிருப்போம். புரோகிராம் நினைவகத்தில் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டின் தொடக்க முகவரியும் பூட்லோடர் தாவும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷ் (கட்டளைகளின் நகலை வைத்திருக்கும் வேகமான சிறு நினைவகம்) உள்ள கோர் என்றால், தாவுவதற்கு முன் ஃபென்ஸ்.ஐ கட்டளை கட்டாயம். அதை விட்டால் கேஷில் கிடக்கும் பழைய கோடே ஓடும்.

சிப்பைச் சோதிக்கவும் பிழைதிருத்தவும் உள்ள இணைப்பான ஜேடேக் வழி வேறு காரணத்துக்காக வேண்டும். ஜேடேக்கோடு பேசும் ஓப்பன்ஓசிடியும் பிழைதிருத்தியான ஜிடிபியும் சேர்ந்தால் ஏற்றுவதோடு பிரேக்பாயிண்ட் வைக்கலாம், ரெஜிஸ்டரைப் பார்க்கலாம். கோரில் டிபக் வசதி இருந்தால்தான் இது நடக்கும். வெக்ஸ்ரிஸ்க்வியில் அதற்குப் பிளகின் உண்டு. லாஜிக் செல்கள் கொஞ்சம் கூடுதலாகப் போகும். இன்டரப்ட் எழுதுகிறவர்களுக்கு அந்தச் செலவு தகும்.

மின்சாரம் போனாலும் புரோகிராம் நிலைக்க வேண்டுமானால் எஸ்பிஐ ஃபிளாஷ்தான் (போர்டில் தனியாக இருக்கும், மின்சாரம் இல்லாமலும் நினைவு வைக்கும் சிப்). பிட்ஸ்ட்ரீம் தொடக்கத்தில், புரோகிராம் அதற்கப்பால். பைக்கோஆர்வி32-ஐ வைத்துச் செய்த மாதிரி டிசைனான பைக்கோசாக்கில் 1 எம்பி தள்ளி வைக்கிறார்கள். ஆனால் ஃபிளாஷிலிருந்தே நேரடியாக ஓட்டினால் மெதுவாகும்: சாதாரண எஸ்பிஐயில் கட்டளைக்கு 8, முகவரிக்கு 24, தரவுக்கு 32 என, தொடர்ச்சியில்லாத ஒரு 32 பிட் வாசிப்புக்கே 64 கிளாக். ராமுக்கு நகலெடுத்து ஓட்டுவது நல்லது. பூட்லோடர் ஒரு நொடி யுஏஆர்டியைப் பார்த்துவிட்டு, எதுவும் வராவிட்டால் ஃபிளாஷிலிருந்து நகலெடுக்கும்படி எழுதினால், அதே போர்டு மேசையிலும் ஓடும், களத்திலும் ஓடும்.