லேசர், பிளாஸ்மா, வாட்டர்ஜெட்: எந்த வேலையை எதற்குக் கொடுப்பது?

2 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் நூறு துண்டு வெட்ட வேண்டுமா? யோசிக்கவே வேண்டாம், ஒளிக்கற்றையால் வெட்டும் ஃபைபர் லேசர் மெஷினுக்குக் கொடுங்கள். அந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட, தண்ணீரைப் பீய்ச்சி அறுக்கும் வாட்டர்ஜெட் வராது. தடித்த எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண எஃகு) தகடு, ஓரம் கொஞ்சம் சாய்ந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் முடிந்தால் சரி என்றால், மின்சாரத்தால் கொதிக்கும் வாயுவைப் பாய்ச்சி வெட்டும் பிளாஸ்மா. ஆனால் அது மின்சாரம் கடத்தும் பொருளைத்தான் வெட்டும்.

லேசர், பிளாஸ்மா இரண்டும் உருக்கி வெட்டுபவை. சிக்கல் அங்கேதான். கடினமாக்கிய எஃகு ஓரத்தில் அந்தக் கடினத்தை இழக்கிறது. டைட்டானியம் சூட்டில் ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு ஓரத்தில் நொறுங்கும் தன்மைக்குப் போகிறது. விமான பாகங்களுக்கு வாட்டர்ஜெட்டைத் தேடுவதற்கு இது பெரிய காரணம்.

வாட்டர்ஜெட்டில் தண்ணீரைச் சுமார் 4,000 பார் அழுத்தத்துக்கு (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) ஏற்றி, கால் மி.மீ., அரை மி.மீ. அளவே உள்ள ரத்தினக் கல் துளை வழியாக விடுகிறார்கள். ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் பாயும். ரப்பர், ஃபோம், கேஸ்கெட்டுக்கு (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் மென்தகடு) வெறும் தண்ணீரே போதும். உலோகம், கிரானைட், கண்ணாடி என்றால் கார்னெட் என்ற கடினமான கனிம மணலைக் கலக்க வேண்டும். அப்போது அறுப்பது அந்த மணல்தான். தண்ணீர் அதற்கு வேகம் கொடுக்கிறது. 100 மி.மீ. எஃகுகூட அறுபடும், ஓரம் சூடேறிக் கெடுவதில்லை. ஒரே மெஷினில் காலையில் கிரானைட், மாலையில் அலுமினியம் என்று ஓட்டலாம். பலதரப்பட்ட ஜாப் ஒர்க் வரும் சிறு பட்டறைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

செலவு? கார்னெட்தான். நிமிடத்துக்கு 300 முதல் 500 கிராம் வரை போகும். ஒரு மணி நேரத்தில் ஒரு மூட்டை காலி. தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரையுள்ள நம் கடற்கரை மணலிலேயே கார்னெட் இருக்கிறது. ஆனால் 2013-இல் தமிழக அரசு கார்னெட் போன்ற கனிமங்கள் உள்ள தாது மணல் எடுப்பதை நிறுத்தியது. கரைக்கு அது நல்லது என்றே நினைக்கிறேன். அப்புறம், வெட்டி முடித்தபின் தொட்டியில் சேரும் சகதியை அகற்றும் செலவையும் கணக்கில் எடுங்கள்.

தண்ணீருக்கும் முடியாதவை உண்டு. டஃபன்டு கண்ணாடியில் (சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கியது) ஜெட் பட்டதும் முழுசாக நொறுங்கிவிடும். கார்பன் ஃபைபர் தகட்டில் முதல் துளை போடும்போது கவனம் தப்பினால் அடுக்குகள் பிரிந்துவிடும்.

விலை கேட்கும்போது ஓரம் எந்தத் தரத்தில் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். வேகமாக ஓட்டினால் வெட்டின் அடிப்பகுதியில் வரி வரியாக விழும். மெதுவாக ஓட்டினால் ஓரம் வழவழப்பாக வரும், மணல் செலவும் பில்லில் ஏறும்.