இந்திராநகர் டாங்கோ வகுப்பு: ஸ்டெப்புக்கு முன்னால் பாட்டு

ரோஜாப்பூவைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையை வெட்டித் திருப்புவதுதான் டாங்கோ என்று நினைத்துப் போனால் இந்த வகுப்பு ஏமாற்றிவிடும். பெங்களூரில் சல்சா கற்றுக்கொள்ள இடத்துக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் அர்ஜென்டினாக்காரர்கள் ஆடும் டாங்கோவை அதன் பாட்டோடும் வரலாற்றோடும் சபை மரியாதையோடும் சேர்த்துச் சொல்லித்தருகிற ஆசிரியர் கிடைப்பது அபூர்வம். இந்திராநகர் மெட்ரோவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஞாயிறு மாலைகளில் நடக்கும் இந்த வகுப்பை அதற்காகவே மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

முதலில் நடை மட்டும்தான். பாட்டைக் கேட்டு நடக்க வேண்டும், எதிரே இருப்பவரின் நெஞ்சு அசைவதைக் கவனித்து நடக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் ஆசிரியை உட்காரவைத்துப் பாட்டு போடுவார், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். 1930களின் நடுவில் ஹுவான் டாரியென்சோவின் டாங்கோ இசைக்குழு தாளத்தை விறுவிறுப்பாக்கி, ஆட்டத்தை விட்டுப் போயிருந்த இளைஞர்களைத் திரும்ப அழைத்து வந்தது. அதே காலத்து கார்லோஸ் டி சார்லி வயலின்களை நீளமாக இழையவிடுவார். ஓஸ்வால்டோ புக்லியேசே பாட்டை நிறுத்தி நிறுத்தி இழுப்பார். அவர் கம்யூனிஸ்ட், அரசியலுக்காகச் சிறையில் இருந்தபோது அவருடைய பியானோ மேல் ஒரு சிவப்பு கார்னேஷன் பூவை வைத்துவிட்டு மற்றவர்கள் வாசித்தார்களாம். இதைக் கேட்ட பிறகு அவர் பாட்டுக்கு அவசர அவசரமாகக் கால் வைக்க மனசு வராது. வகுப்பில் எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்து ரிட்டையரான தமிழ் அங்கிள் ஒருவர் மனைவியோடு வருகிறார், அவர் என்னிடம் சொன்னது: "காலை எங்க வைக்கிறதுன்னு யோசிக்காதீங்க தம்பி, பாட்டு நிக்கிற இடத்துல நீங்களும் நில்லுங்க." பாடத்தின் சாரமே அதுதான்.

வரலாற்றையும் சுருக்கி மழுப்புவதில்லை. விபசார விடுதியில் பிறந்த ஆட்டம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள் பலர், எனக்கு அது எரிச்சலாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரிஸ், உருகுவேயின் மான்டிவிடியோ இரண்டு துறைமுகங்களிலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கன்டோம்பே தாளம், கியூபாவிலிருந்து வந்த ஹபனேரா இசை, பிழைக்க வந்த இத்தாலிய, ஸ்பானிய ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பொதுக்குடியிருப்புகள் எல்லாம் கலந்து உருவானது இது. டாங்கோவின் முக்கிய வாத்தியமான பாண்டோனியான்கூட ஜெர்மனியிலிருந்து போனதுதான், நம் ஹார்மோனியம் மாதிரியே உள்ளே உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலிக்கும். 1913 வாக்கில் பாரிஸ் கொண்டாடிய பிறகுதான் சொந்த ஊரின் பணக்கார வீடுகள் டாங்கோவை உள்ளே விட்டன. அர்ஜென்டினாவின் 1955 ராணுவப் புரட்சிக்குப் பின் வாடியது, 1983ல் ராணுவ ஆட்சி முடிந்த பிறகு மீண்டது, 2009ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

தெரியாத ஆளை அணைத்து ஆடுவதா என்ற தயக்கம் நம் ஆட்களுக்கு இருக்கும், அதில் தப்பில்லை. இங்கே கைநீள இடைவெளியில்தான் ஆரம்பிக்கிறார்கள், இருவருக்கும் சரி என்றால் மட்டுமே நெருக்கம். மாதக் கடைசியில் மிலோங்கா, அதாவது ஆட்ட மாலை, வைக்கிறார்கள். அங்கே ஆடக் கூப்பிடுவது பார்வையாலும் தலையசைப்பாலும்தான், பெயர் கபெசேயோ. விருப்பமில்லை என்றால் பார்வையைத் திருப்பிக்கொண்டால் போதும், யாருக்கும் முகம் வாடாது. மூன்று நான்கு பாட்டு சேர்ந்தது ஒரு டாண்டா, அது முடிந்ததும் வேறு ரக இசை சிறிது நேரம் ஒலிக்கும், நன்றி சொல்லி அவரவர் இடத்துக்குப் போய்விடலாம். இத்தனை நாகரிகமான ஏற்பாட்டை நான் வேறு எந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை.

குறைகளும் உண்டு. தரை வழுக்காமல் ஒட்டுகிறது, ஓச்சோ, அதாவது தரையில் எட்டு வரைவதுபோல் சுழலும் ஸ்டெப், போடும்போது பாதம் திரும்பாமல் முட்டி அடி வாங்குகிறது, ரப்பர் ஷூ போட்டால் இன்னும் மோசம், தோல் அடி வைத்த ஷூ கொண்டுபோங்கள். வழிநடத்தி ஆட ஆள் குறைவு என்பதால் பெண்கள் சிலர் பாதி நேரம் உட்கார்ந்தே இருக்கிறார்கள். ஆரம்ப காலத்தில் ஆண்கள் ஆண்களோடே பழகியிருக்கிறார்கள், இங்கேயும் எல்லோருக்கும் இரண்டு பாத்திரத்தையும் சொல்லித்தரலாமே. மாதக் கட்டணம் மொத்தமாக முன்பணம், விட்டுப்போன வகுப்புக்கு ஈடு கிடையாது, எனக்கு இதில் வருத்தம்தான். பார்க்கிங்கை நம்பி வண்டியில் போகாதீர்கள். மேடை ஆட்டத்துக்கென்று தனியாக ஒரு ஒர்க்‌ஷாப் விளம்பரம் ஒட்டியிருப்பார்கள், புதியவர்கள் அந்தக் காசை மிச்சப்படுத்தி மிலோங்காவுக்குப் போகலாம்.