யாரும் கை வைக்காத இடங்கள்: பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டியோடு பத்து ஆண்டுகள்

வாங்கும்போதே என் வண்டிக்குப் பதினான்கு வயது. மீட்டர் 1,62,000 கிலோமீட்டர் காட்டியது. இன்று 2,90,000-ஐத் தாண்டிவிட்டது. 2.5 லிட்டர் டர்போ டீசல் என்ஜின், கணினி ஏதும் கலக்காத மெக்கானிக்கல் பம்ப், தனிச் சேசிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), நெம்புகோலை இழுத்தால் முன்சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும் ஃபோர் வீல் டிரைவ். எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப் போவதில்லை. இந்தத் தலைமுறை வண்டிகளுக்கு வரும் நோய்கள் ஏறத்தாழ ஒன்றுதான். இத்தனை ஆண்டுகளில் என் கையைக் கடித்தவை ஓடி ஓடித் தேய்ந்த பாகங்கள் அல்ல. யாரும் கை வைக்காமல் விட்ட பாகங்கள்தான்.

முதல் மாதமே அது விளங்கிவிட்டது. விற்றவர், “ஃபோர் வீலைப் போட்டதே கிடையாது” என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். நானும் மகிழ்ந்துபோய் வாங்கினேன். முதன்முதலாகச் சேற்றில் சிக்கி நெம்புகோலை இழுத்தபோது அது இம்மியும் அசையவில்லை. ஆண்டுக்கணக்கில் அசைக்காததால் இணைப்புக் கம்பிகளின் மூட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. முன் ஆக்சிலில் ஆயில் அடியிலேயே தேங்கிக் கிடக்க, அது எட்டாத சீல்கள் காய்ந்து போயிருந்தன. அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை மண் பாதையில் சில கிலோமீட்டராவது ஃபோர் வீலில் ஓட்டுகிறேன். தேவை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை.

மண் பாதை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னுடையதைப் போன்ற வண்டியில் நடு டிஃபரன்ஷியல், அதாவது முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் கியர் அமைப்பு, கிடையாது. ஃபோர் வீலைப் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்பட்டுவிடும். ஆனால் திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தை ஈடுகட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க முடியாது. முறுக்கு முழுவதும் கியர்களிலும் ஷாஃப்ட்டிலும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், டயர் கத்தும், நெம்புகோல் திரும்பி வராது. அப்போது நெம்புகோலோடு மல்லுக்கட்ட வேண்டாம். நேர்கோட்டில் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தாலே முறுக்கு விட்டு நெம்புகோல் தானாக நழுவிவிடும். நான்கு டயர்களின் சுற்றளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். இரண்டு புதியது, இரண்டு மொட்டை என்று மாட்டினால் நேர்ச்சாலையிலும் இதே முறுக்கு ஏறும்.

இரண்டாம் ஆண்டில் பின் டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றத் திறந்தபோது பால் கலந்த காபி நிறத்தில் கொட்டியது. தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆனால் சீல் எதுவும் கிழியவில்லை. ஆக்சிலின் தலையில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு காற்றுப்போக்கி இருக்கிறது. அதைச் சேறு அடைத்திருந்தது. ஓடிச் சூடேறிய ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். மேல்வழி அடைத்திருந்தால் சீலின் உதடு வழியாகத் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் காற்றுப்போக்கியில் ஒரு குழாயை மாட்டி என்ஜின் அறை உயரத்துக்கு ஏற்றிக் கட்டினேன். அரை மணி நேர வேலை. அதன்பின் ஆயில் நிறம் மாறவில்லை.

ஆயில் என்றதும் இன்னொன்று. கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 ரக கியர் ஆயில் கேட்கும் வண்டிக்குப் பலர் “எண் அதிகம், தரமும் அதிகம்” என்று ஜிஎல்-5 ஊற்றிவிடுகிறார்கள். ஜிஎல்-5 ஆக்சிலுக்கு நல்லது. ஆனால் அதில் சேர்க்கப்படும் கந்தகக் கலவைகள் பழைய கியர்பாக்ஸின் பித்தளை சின்க்ரோ வளையங்களை (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்துபவை) அரிக்கக்கூடும். கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது காலை ஸ்டார்ட்டிங்தான். மூன்றாம் ஆண்டு, இரவு நிறுத்தி வைத்தால் காலையில் பத்துப் பதினைந்து நொடி செல்ஃப் அடித்தால்தான் என்ஜின் பிடிக்கும் என்றாகிவிட்டது. குளிர்ந்த என்ஜினின் எரியறையைச் சூடாக்கும் க்ளோ பிளக்குகளை மாற்றினேன். பேட்டரியை மாற்றினேன். ஒரு பட்டறையில் பம்ப்பைக் கழற்றிச் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். நல்லவேளையாக அதற்கு முன் வயதான மெக்கானிக் ஒருவர், ஃபில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் கறுப்புக் குழாயைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டினார். “நாளைக் காலையில் செல்ஃப் அடிக்கும்போது இதைப் பாருங்கள்” என்றார். மறுநாள் பார்த்தேன். குழாயில் டீசலோடு கடுகு கடுகாகக் குமிழிகள் வரிசையாக ஓடின. ஃபில்டர் தலைக்கு வரும் குழாயின் பிடிப்பு தளர்ந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. காற்று மட்டும் உள்ளே போனது. கைநீளம் ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும்தான் மருந்து. பம்ப் இன்றுவரை கழற்றப்படவில்லை.

ஃபில்டரின் அடியில் ஒரு திருகு இருக்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் போய்ச் சேரும். மாதம் ஒருமுறை அந்தத் திருகைத் தளர்த்திக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் பம்ப்புக்குள் போனால் உள்பாகங்களைக் கெடுத்துவிடும், ஏனென்றால் இந்தப் பம்ப்புக்கு டீசலே மசகு.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் இதே வயதுடைய வண்டி ஒன்றைப் பார்க்க என்னைத் துணைக்கு அழைத்தார். போனதும் நான் செய்த முதல் காரியம், பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. “இப்போதுதான் கடைக்குப் போய் வந்தேன்” என்றார் விற்பவர். இருக்கலாம். ஆனால் பழைய டீசல் என்ஜினின் உண்மை குளிர்ந்த நிலையில்தான் தெரியும். மறுநாள் காலையில் வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். மறுநாள் என்ஜின் பிடித்தது, ஆனால் வெள்ளைப் புகை, கண் எரியும் நெடி. அது எரியாத டீசல். சூடேறியதும் மறைந்தால் பெரும்பாலும் க்ளோ பிளக் கோளாறு, சின்னச் செலவு. சூடேறிய பின்னும் இனிப்பு வாசனையோடு வெள்ளையாக வந்தால் கூலன்ட் எரிகிறது. என்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் இடையில் இருக்கும் ஹெட் காஸ்கெட் போயிருக்கும். நீலம் என்றால் என்ஜின் ஆயில். கறுப்புக்கு ஏர் ஃபில்டர் அடைப்பு முதல் இன்ஜெக்டர் வரை பல காரணங்கள் உண்டு. இந்த வண்டியில் புகை இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது. ஐடிலில் ஆயில் மூடியைக் கழற்றித் துளையின் மேல் கவிழ்த்து வைத்தேன். ரிங்குகள் தேய்ந்திருந்தால் அவற்றைத் தாண்டிக் கசியும் வாயு மூடியைத் துள்ளவைக்கும். இது சற்றே நடுங்கியது, துள்ளவில்லை. பிஸ்டன் ரிங்குகள் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நண்பர் அப்போதே கை கொடுக்கத் தயாராகிவிட்டார். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். சேசிஸ் முழுக்கப் புத்தம்புதிய கறுப்புப் பூச்சு. என்ஜினை எவ்வளவு கெட்டிருந்தாலும் இறக்கிப் பிரித்துப் புதுப்பிக்கலாம். உளுத்துப்போன சேசிஸை என்ன செய்வது? அதனால் விற்பதற்கு முன் அடியில் மட்டும் அலங்காரம் செய்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். ‘டிங், டிங்’ என்று வந்த சத்தம், பின் ஸ்பிரிங் பட்டைகள் மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில் ‘தொப்’ என்று மாறியது. அங்கே முனையை வைத்து அழுத்தினேன். பூச்சு உடைந்து முனை உள்ளே போனது, விரல் கணு அளவுக்கு. சேசிஸின் பெட்டி வடிவக் குழலுக்குள் சேறு பல ஆண்டுகள் ஈரத்தோடு தங்கி உள்ளிருந்தே தின்றிருக்கிறது. விற்பவருக்கே அது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் வாங்கவில்லை.

வாங்குவதாக முடிவெடுப்பவர்களுக்கு: வாங்கும் விலைக்கு மேல் அதில் பாதியையாவது முதல் ஆண்டுக்கு ஒதுக்கி வையுங்கள். என்னுடையது அப்படித்தான் விழுங்கியது. டைமிங் பெல்ட் வைத்த என்ஜின் என்றால், மாற்றியதற்குப் பில் இல்லாதவரை மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கையும் அப்போதே சேர்த்து மாற்றிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கிலக்க எண்ணைப் படியுங்கள்: 3712 என்றால் 2012-ஆம் ஆண்டின் 37-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன் தேயாமல் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும். ரேடியேட்டரை முன்னிருந்து பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஏசி கண்டென்சருக்கும் அதற்கும் இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். என் வண்டியில் அங்கே ஒரு விரல்கனத்துக்குப் புல் விதையும் மண்ணும் மெத்தையாகப் படிந்திருந்தன.

மைலேஜ், சொகுசு பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டும் குறைவு. நெடுஞ்சாலையில் எல்லோரும் முந்திச் செல்வார்கள். பழகிவிடும்.

இப்போது இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைக்கிறேன். காலையில் மூன்று சொட்டு ஆயில் இருக்கிறது. போன மாதம் இரண்டு. என்ஜினின் பின்பக்க ஆயில் சீல். அதைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். கிளட்ச்சும் இன்னும் ஓராண்டில் தேய்ந்துவிடும் போலிருக்கிறது. இரண்டையும் ஒரே இறக்கத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று சீலை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.