சோங்கிங்கில் நான்கு நாள்: மோனோரயில் பாஸ், முழங்கால் ஃபெயில்

நாளைக் காலை செங்டுவுக்கு ரயில். அதற்கு முன், முதுகுப்பையோடு சீனாவின் சோங்கிங் வர நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் எத்தனை மீட்டர் என்று கேட்காதீர்கள், எத்தனை மாடி என்று கேளுங்கள். மெட்ரோவில் வந்து இறங்கியபோது நான் பதிவு செய்திருந்த விடுதி 300 மீட்டர் என்றது மேப். சரி, நடந்துவிடலாம் என்று 14 கிலோ பையைத் தூக்கிக்கொண்டு போனால், மேப்பில் நான் விடுதி மேலேயே நிற்கிறேன், ஆனால் விடுதியைக் காணோம். அது உண்மையாகவே என் காலுக்குக் கீழே, செங்குத்துப் படிக்கட்டின் அடியில் இருந்தது. இறங்கிப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும், வெளிநாட்டவரைச் சேர்ப்பதில்லை என்று மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டிக் காட்டினார். திரும்பவும் ஏறினேன். வெளிநாட்டவர் தங்கினால் போலீசில் பதிய வேண்டும், அந்த வேலைக்குத் தயங்கியே சில சின்ன விடுதிகள் மறுத்துவிடும். முந்தின நாளே செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கூடும் இடத்தில், மலைச்சரிவு முழுக்க அடுக்கி வைத்த ஊர் இது. குய்சிங்லோ என்ற கட்டடத்தின் சதுக்கத்தில் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தேன், ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தால் 22 மாடி ஆழம்! அந்தக் கட்டடத்துக்கு அந்தச் சதுக்கம்தான் 22ஆவது மாடி. ஹொங்யாதொங் என்ற கட்டடத் தொகுதியும் அப்படித்தான், முதல் மாடியில் நுழைந்தாலும் ரோடு, 11ஆவது மாடியில் வெளியே வந்தாலும் ரோடு. இரவில் விளக்கு போட்டால் அழகுதான், ஆனால் உள்ளே தின்பண்டக் கடையும் தள்ளுமுள்ளும் தவிர வேறில்லை. எதிரே சியான்சிமென் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது 2ஆம் எண் மோனோரயில். டிக்கெட் 2 யுவானில் தொடங்குகிறது. ஜியாலிங் கரையை ஒட்டித் தூண்கள் மேல் ஓடி, லிசிபா நிலையத்தில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றின் வயிற்றுக்குள் நுழைந்து மறுபக்கம் வருகிறது. வீட்டை இடித்து ஓட்டை போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், கட்டடத்தையும் பாதையையும் சேர்த்தே திட்டமிட்டுக் கட்டியிருக்கிறார்கள். ரப்பர் சக்கரம் என்பதால் சத்தமும் குறைவு. கீழே பார்வை மேடையில் எல்லோரும் வாயைத் திறந்து ரயிலை விழுங்குவதுபோல் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, ரயிலுக்குள்ளே ஒரு பாட்டி கீரைக்கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். முதல் பெட்டியின் முன்பக்கம் நின்றுகொண்டு முழுப் பாதையும் போய் வாருங்கள். யாங்சி மேல் போகும் ரோப் காரும் 1987இல் ஊர்க்காரர்கள் ஆற்றைக் கடக்க வந்ததுதான், 1,166 மீட்டர். இப்போது முழுக்கச் சுற்றுலா. ஒரு பக்கத்துக்கு 20 யுவான் கொடுத்துக் கூட்டத்தில் நசுங்கி நான்கைந்து நிமிடம் போவதைவிட, அதே காசுக்கு மோனோரயிலில் எத்தனை முறை போகலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லியாங்லுகோ என்ற இடத்தில் 112 மீட்டர் நீள எஸ்கலேட்டருக்கும் 2 யுவான் வாங்குகிறார்கள். முதல் நாள் சிரித்தேன், மூன்றாம் நாள் மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.

சாப்பாடு. ஜப்பான் குண்டு போட்ட காலத்தில் சோங்கிங் சீனத் தலைநகராக இருந்தது, அப்போது பாறைக்குள் குடைந்த பதுங்கு சுரங்கங்கள் சில இன்று ஹாட்பாட் கடைகள், அதாவது மேஜையிலேயே கொதிக்கும் குழம்பில் முக்கிச் சாப்பிடும் இடங்கள். வெளியே வேர்த்துக் கொட்டும்போதும் உள்ளே ஜில்லென்று இருக்கிறது. பாத்திரத்தில் மாட்டுக் கொழுப்பு, காய்ந்த மிளகாய், சிச்சுவான் மிளகு. காரம் நமக்குப் பழக்கம்தானே என்று தெனாவெட்டாக உட்கார்ந்தேன், ஆனால் இது நம்ம காரம் இல்லை, உதடு பல் டாக்டர் ஊசி போட்டதுபோல் மரத்துப்போகிறது, அப்புறம் தண்ணீர் குடித்தாலும் புளிக்கிறது. மாட்டு இரைப்பைத் துண்டை ஏழு முறை தூக்கி எட்டு முறை முக்கினால் போதும் என்பது ஊர்க்கணக்கு. நான் பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிட்டேன், செருப்புத்தோல் ஆகிவிட்டது. தொட்டுக்கொள்ள நல்லெண்ணெயில் நசுக்கிய பூண்டு, அது இல்லாவிட்டால் என்னால் முடிந்திருக்காது. பணியாளர் சிரித்தமுகம்தான், ஆனால் குறைந்த காரம் கேட்டதற்கு வந்ததும் இதுதான், ஆகவே ஒரு பக்கம் காரமில்லாத, நடுவில் தடுப்பு வைத்த பாத்திரமே கேளுங்கள். சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காலை நூடுல்ஸில் கீரை மட்டும் மிதந்தாலும் அடியில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம்.

காசு விஷயத்தில், கார்டை அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் ஊரிலிருந்தே இணைத்துக்கொண்டு வாருங்கள், மெட்ரோ கதவும் அதிலேயே திறக்கும்.

மூன்றாவது நாள்தான் கவனித்தேன், இந்த ஊரில் சைக்கிளே கண்ணில் படவில்லை. யார் மிதிப்பது இந்த மேட்டில்? சாபிங்பா நிலையத்திலிருந்து செங்டு ஒரு மணி நேரச் சொச்சம்தான். அங்கே எல்லாம் சமதரை. இறங்கியதும் முதல் வேலையாக ஒரு வாடகை சைக்கிள்.