பிக்கப் இல்லாத கார், பல் தாண்டிய பெல்ட்: ஸ்கேனரா, கேஜா, கண்ணா?

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. மூன்றாவது கியரில் ஏறிய மேடு இப்போது இரண்டாவதைக் கேட்கிறது. ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னால் பிளக், அப்புறம் ஃபில்டர், அப்புறம் இன்ஜெக்டர் கிளீனிங் என்று வரிசையாக பில் ஏறும். கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இரண்டையும் ஒரே தாளத்தில் ஓட்டும் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்குமோ என்ற சந்தேகம் கடைசியில்தான் வரும். கவரைக் கழற்ற யாருக்கும் மனசு வராது.

என் பழைய பெட்ரோல் காருக்கும் இதுதான் நடந்தது. பெல்ட் மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதனாலேயே பெல்ட்டின் மேல் சந்தேகம் வரவில்லை. உண்மையில் அதனாலேயே வந்திருக்க வேண்டும். புது பெல்ட்டில் தப்பு என்றால் பெரும்பாலும் அது மார்க் வைத்ததில் (கேம், கிராங்க் சக்கரங்களின் குறிகளை நேராக நிறுத்துவது), இல்லையென்றால் பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனரை இறுக்கியதில்.

எந்தச் சோதனை எதைப் பிடிக்கும் என்று பார்ப்பதற்கு முன்னால், வண்டி தடுமாறும் விதமே பாதி சொல்லிவிடும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலோ, பிளக்கோ போனால் லோடு ஏறும்போது வெட்டி வெட்டி இழுக்கும். செக் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டும். பெட்ரோல் போதவில்லை என்றால் ஊருக்குள் நன்றாக ஓடி, நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது மூச்சு முட்டும். எஞ்சினுக்குக் காற்றை விடும் திராட்டில் பாடியில் அழுக்கு என்றால் மிதித்த முதல் நொடியில் மட்டும் தடுமாற்றம். பெல்ட் பல் தாண்டியது இந்த மாதிரி வந்து போகாது. ஒரு நாளிலிருந்து வண்டி எல்லா வேகத்திலும் மந்தம், ஸ்டார்ட் ஆகவும் கூடுதல் நேரம்.

முதலில் ஸ்கேனர், காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுக் குறியீட்டை (கோடு) படிக்கும் கருவி. ப்ளூடூத்தில் போனோடு சேரும் சாதனம் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடும் மிஸ்ஸிங் விஷயத்தில் இதை அடித்துக்கொள்ள வேறொன்றில்லை. பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர். அந்தக் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. செலவு பூஜ்யம். ஆனால் பெல்ட் விஷயத்தில் கோடை மட்டும் நம்பினால் ஏமாறலாம். கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் பி0016 வந்தால் நல்லது. வராமலும் போகலாம், ஒரு பல் வித்தியாசத்தைச் சில கார்களின் கம்ப்யூட்டர் (ஈசியூ) கண்டுகொள்வதே இல்லை. வந்தாலும் பெல்ட்டா, நீண்டுபோன செயினா, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடியின் ஆயில் வால்வா என்று அது பிரித்துச் சொல்லாது.

அதே ஸ்கேனரில் பலர் திறந்தே பார்க்காத பக்கம் ஒன்று உண்டு: லைவ் டேட்டா. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள கார் என்றால், எஞ்சின் சூடான பிறகு ஏசியை அணைத்து, ஐட்லிங்கில் அந்த எண்ணைப் பாருங்கள். ஆரோக்கியமான பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் 30 முதல் 40 கிலோபாஸ்கலுக்குள் நிற்கும். 50ஐ நெருங்கி, ஆடாமல் அங்கேயே நின்றால் வால்வு டைமிங் பின்தங்கியிருக்க நல்ல வாய்ப்பு. எங்கேயாவது காற்று கசிந்தாலும் எண் ஏறும் என்பதால் ஹோஸ்களை ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள்.

பழைய மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வாக்குவம் கேஜும் அளப்பது இதையேதான், ஆனால் தலைகீழாக: காற்றழுத்தம் ஏறினால் இதில் முள் இறங்கும். கடல் மட்டத்தில் 17 முதல் 22 அங்குலம் (பாதரசக் கணக்கில்) நல்லது. டைமிங் பின்தங்கினால் முள் அதற்குக் கீழே அசையாமல் நிற்கும். ஊட்டியில் வைத்துப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், ஆயிரம் அடி ஏற்றத்துக்கு ஓர் அங்குலம் தானாகவே குறையும். ஸ்கேனரை விட இது ஒரு விஷயத்தில் மேல்: முள்ளின் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும். 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து வைக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கினால், புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறது. பெல்ட் அடையாளத்தோடு அதிகம் குழம்புவது இந்தக் கோளாறுதான்.

சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்டுக்கு எல்லா பிளக்கையும் கழற்ற வேண்டும், மெனக்கெட்ட வேலை. அதற்குக் கூலியாக ஒரு தெளிவான பதில் கிடைக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவு என்றால் வால்வோ பிஸ்டன் ரிங்கோ. நான்குமே ஒரே மாதிரி குறைந்திருந்தால் டைமிங் பக்கம் போகலாம். ஆனால் ஓடித் தேய்ந்த எஞ்சினிலும் நான்கும் சேர்ந்தே குறையும் என்பதால், பழைய கார்களில் நான் இதற்குக் கேஜுக்கு அடுத்த இடம்தான் தருவேன்.

கடைசித் தீர்ப்பு மேல் கவரைத் திறந்து மார்க் பார்ப்பதுதான். பெல்ட்டின் முதுகைப் பார்த்து "விரிசல் இல்லை, நல்லா இருக்கு" என்று சொல்வதில் பயனில்லை. இப்போதைய ரப்பர் வெளியே பளபளவென்று இருந்தே பல் உதிரும். ஆயில் சீல் கசிந்து பெல்ட் நனைந்திருந்தால் மட்டும் கண் சொல்வதை உடனே நம்புங்கள். பார்க்க வேண்டியது கேம் மார்க்கும் கிராங்க் மார்க்கும் ஒரே நேரத்தில் நேராக நிற்கின்றனவா என்பதை. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் (பெல்ட் ஓடும் பல் சக்கரம்) 20 பல் என்றால் ஒரு பல்லுக்கு 18 டிகிரி. நிதானமாகப் பார்த்தால் தெரியாமல் போகாது. ஒரு சிக்கல் உண்டு. வெளியே இருக்கும் கிராங்க் புல்லியில் உள்ளுக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கும். அது நழுவியிருந்தால் வளையத்தில் உள்ள மார்க் பொய் சொல்லும். சந்தேகம் வந்தால் புல்லியைக் கழற்றி ஸ்ப்ராக்கெட் மார்க்கையே பாருங்கள்.

கவர் திறக்கும்வரை காத்திருக்கும் நாட்களில் ஓட்டலாமா என்றால், வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் வகை எஞ்சினில் கூடாது. இன்னொரு பல் தாண்டினால் வால்வுகள் வளைந்து, எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும்.

மாருதியின் கே சீரிஸ், ஹூண்டாயின் கப்பா போன்ற, பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள எஞ்சின்காரர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும். செயின் மெதுவாக நீளும்; காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி கடகடவென்று சத்தம் கொடுத்து முன்கூட்டியே சொல்லும். அங்கே கவரைத் திறப்பது பெரிய வேலை, அதனால் ஸ்கேனருக்குத்தான் முதல் மரியாதை.

என் காரில் கோடு ஒன்றும் இல்லை. மேப் எண் 50. கவரைத் திறந்தால் கேம் மார்க் ஒரு பல் பின்னால். மறுபடி மார்க் வைத்து, டென்ஷனரை இறுக்கி, ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி மார்க்கைத் திரும்பப் பார்த்தோம். கேம் ஒரு சுற்று முடிக்க அந்த இரண்டும் வேண்டும். போன தடவை அந்த ஐந்து நிமிட வேலையை யாரும் செய்யவில்லை போலிருக்கிறது. எஞ்சின் சூடானதும் போனை எடுத்துப் பார்த்தேன்: 34.